குடியை விட்டேன், கோபம் விடவில்லையே?

கேள்வி: ஐயா, மூன்று வருடங்களுக்கு முன் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் கண்ணீரோடு என்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தேன். குடியை அன்றே விட்டேன். ஞாயிறு ஆராதனை, உபவாச ஜெபம் எதையும் தவறவிடுவதில்லை. கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. கடையில் வேலை பார்க்கும் பையன்களை வாய்க்கு வந்தபடி திட்டிவிடுகிறேன். என் தலையைக் கண்டாலே மகன் எழுந்து உள்ளே போய்விடுகிறான். "சபையில ஒரு ஆளு, வீட்டுல ஒரு ஆளு" என்கிறாள் மனைவி. நான் உண்மையிலேயே இரட்சிக்கப்பட்டேனா? மறுபடியும் ஞானஸ்நானம் எடுக்கலாமா?
- ஒரு வாசகர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: சகோதரரே, மறுபடி ஞானஸ்நானம் வேண்டாம். அன்று நடந்ததைச் சந்தேகிக்கவும் வேண்டாம். குடி நின்றது சின்ன காரியமா? ஆனால் உங்கள் மனைவி சொல்வதைத் தட்டிவிடாதீர்கள். உங்கள் ஆத்தும நிலை எந்த ஊழியக்காரரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

'அமேசிங் கிரேஸ்' பாடலை எழுதிய ஜான் நியூட்டனைப் பற்றிப் பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். அடிமை வியாபாரக் கப்பல்களில் வேலை செய்தவர், 1748-இல் அட்லாண்டிக் புயலில் சிக்கி ஆண்டவரைக் கூப்பிட்டார், அன்றே புது மனிதரானார் என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். நடந்தது வேறு. புயலுக்குப் பின் கெட்ட வார்த்தையை விட்டார், ஜெபித்தார், வேதம் வாசித்தார். அதன் பிறகுதான் அடிமைக் கப்பலுக்குக் கேப்டனும் ஆனார்! 1750 முதல் 1754 வரை, மேலே அவர் வேதம் வாசித்த அதே கப்பலில், கீழ்த்தளத்தில் ஆப்பிரிக்கர்கள் விலங்கு பூட்டிக் கிடந்தார்கள். கடலை அவர் விட்டதுகூட உடல்நலம் கெட்டதால்தான். 1764-இல் குருப்பட்டம் பெற்றார். 1772-இல் அந்தப் பாடலை எழுதினார். அடிமை வியாபாரத்தின் கொடுமையையும் அதில் தன் பங்கையும் ஒப்புக்கொண்டு அவர் நூல் வெளியிட்டது 1788-இல். புயலிலிருந்து கணக்குப் போட்டால் 40 ஆண்டுகள்.

"அப்படியானால் எனக்கும் நாளாகும்" என்று நீங்கள் ஆறுதல் அடைவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தத் தாமதத்துக்கு விலை கொடுத்தவர்கள் விலங்கில் கிடந்தவர்கள். உங்கள் தாமதத்துக்கு இன்று உங்கள் மகனும் அந்தப் பையன்களும் விலை கொடுக்கிறார்கள்.

நியூட்டனுக்கு ஏன் அவ்வளவு காலம் ஆனது? அன்றைய இங்கிலாந்தில் அது மரியாதையான தொழில். சபையில் பெரும்பாலோர் அதைப் பாவக் கணக்கில் சேர்க்கவில்லை. நம் நிலைமையும் அதுதான். குடி, சிகரெட், சினிமா என்றால் உடனே கண்டிக்கிறோம். வேலைக்காரனை நாலு பேர் முன்னால் கேவலமாகப் பேசுகிற முதலாளியை மூப்பராக்கி மேடையில் உட்கார வைக்கிறோம். சபை கேட்கிற பாவத்தை நீங்கள் விட்டுவிட்டீர்கள். சபை கேட்காத பாவம் மிச்சமிருக்கிறது. ஆவியின் கனியாகப் பவுல் கலாத்தியருக்கு எழுதிய பட்டியலில் நீடிய பொறுமை, சாந்தம், இச்சையடக்கம் மூன்றும் இருக்கின்றன. மூன்றும் அடுத்த மனிதரோடு பழகும்போதுதான் தெரியவரும்.

அதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தையும் வாசியுங்கள். பெந்தெகொஸ்தே நாளில் ஆவியைப் பெற்ற பேதுரு, அந்தியோகியாவில் மனிதருக்குப் பயந்து, புறஜாதியாரோடு பந்தியில் உட்காராமல் விலகிக்கொண்டார். பவுல் முகத்துக்கு நேரே கண்டித்தார். பேதுரு இரட்சிக்கப்பட்டாரா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அவருக்குத் தேவைப்பட்டது கண்டிப்பு. உங்கள் வீட்டில் அந்த வேலையை உங்கள் மனைவி செய்கிறார்.

ஆகவே இன்னொரு உபவாசத்துக்கு முன் ஒன்று செய்யுங்கள். சகேயு மனந்திரும்பியபோது எவ்வளவு திருப்பித் தருவேன் என்று கணக்கோடு சொன்னான். நீங்களும் ஆள் பெயரோடு தொடங்குங்கள். எந்தப் பையனை வாடிக்கையாளர் முன் திட்டினீர்களோ, அவனிடம் வாடிக்கையாளர் முன்னாலேயே மன்னிப்புக் கேளுங்கள். மகனிடம் கேட்கும்போது "ஆனா, நீயும்…" என்று இழுக்காதீர்கள். அவன் உடனே முகம் கொடுக்காவிட்டால் பொறுத்திருங்கள். அவன் பயம் ஒரே நாளில் வந்ததல்ல. கை ஓங்கும் அளவுக்குக் கோபம் போகிறதென்றால் மனநல ஆலோசகரிடமும் போங்கள், அது அவிசுவாசம் ஆகாது.

மூன்று மாதம் கழித்து எனக்கு மறுபடி எழுதுங்கள். இந்த முறை கடிதத்தை உங்கள் மனைவி எழுதட்டும்.