ஸ்டேஷனில் ஆளில்லை, டிக்கெட் எங்கே?

கேள்வி: ஜப்பானில் சில ரயில் நிலையங்களில் ஊழியரே இல்லையாமே! பயணிகள் கட்டணத்தை எப்படிச் செலுத்துகிறார்கள்?

பதில்: ஷிகோகு தீவில், கடலைப் பார்த்தபடி நிற்கும் ஷிமோனாடா அப்படியொரு நிலையம். 1935இல் திறக்கப்பட்டது, ஒரே பிளாட்பாரம், சிறிய மரக் கட்டடம், அவ்வளவுதான். இங்கு நிற்கும் உள்ளூர் ரயில் பெரும்பாலும் ஒன்றிரண்டு பெட்டிகளே கொண்டது. கண்டக்டரும் கிடையாது, டிரைவர் மட்டுமே. ஏறும் கதவருகே உள்ள இயந்திரம் எண் அச்சிட்ட துண்டுச் சீட்டைத் தரும். முன்புறப் பலகையில் அந்த எண்ணுக்கு நேரே கட்டணம் தெரியும். தூரம் கூடக்கூடத் தொகையும் ஏறும். ஆளில்லா நிலையத்தில் இறங்குபவர் முன்கதவுக்கு வந்து, சீட்டையும் பணத்தையும் டிரைவர் அருகிலுள்ள பெட்டியில் போட வேண்டும். ஊழியர் இருக்கும் நிலையமானால் வாயிலிலேயே கட்டிவிடலாம். பெட்டி மீதி தராது என்பதால், கையிலுள்ள நோட்டை அதிலுள்ள இயந்திரத்தில் முன்னதாகவே சில்லறையாக்கிக்கொள்வது நல்லது.