எண்ணெய்க் குளியல் நாளில் தோலையும் பாருங்கள்



மாட்டைக் குளிப்பாட்டும்போது உண்ணி இருக்கிறதா, நுகத்தடி பட்ட இடம் புண்ணாகியிருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறோம். நம்முடைய முதுகையும் உள்ளங்காலையும் கடைசியாக எப்போது பார்த்தோம்? சற்றே யோசித்துப் பாருங்கள்.

"தோலிலே புற்றுநோயா? அதெல்லாம் வெள்ளைக்காரங்களுக்கு வர்றதுங்க" என்று பலர் சொல்கிறார்கள். இதில் பாதிதான் உண்மை. நம் தோலுக்குக் கருநிறம் தரும் மெலனின் என்ற பொருள் வெயிலின் கெடுதலைப் பெருமளவு தடுக்கிறது. ஆகவே நம்மிடையே இந்நோய் குறைவு. ஆனால் வரவே வராது என்று இருந்துவிடக் கூடாது. வெயில் படாத இடத்திலும் இது வரும்.

எங்கெங்கே வரும்?

1. பழைய தீக்காயத் தழும்பு. தழும்பில் மீண்டும் மீண்டும் புண் வந்தால், பல ஆண்டுகளுக்குப் பிறகு அது புற்றாக மாறலாம். பிரான்ஸ் நாட்டு அறுவை மருத்துவர் மார்ஜோலின் தழும்பில் வரும் இத்தகைய புண்களைப் பற்றி 1828-லேயே எழுதினார். இன்றும் அவர் பெயராலேயே இதைச் சொல்கிறார்கள்.

2. வருடக்கணக்கில் ஆறாத கால் புண்.

3. இடுப்பு. பாவாடை நாடாவையோ வேட்டியையோ ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டி, தோல் கறுத்து, தடித்து, புண்ணாகி, அங்கே புற்று வந்தவர்கள் நம் நாட்டில் உண்டு.

4. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி. இங்கே கறுப்பு மச்சம்போல் தோன்றிப் பரவும் வகை மிகவும் கொடியது.

ஒரு கிராமத்தில் நான் சந்தித்த அம்மாவுக்கு இடுப்பில் புண். "நாடா அறுத்த புண்ணுதானே" என்று மஞ்சளை அரைத்துப் போட்டுக்கொண்டே இரண்டு வருடம் ஓட்டிவிட்டார். கூச்சத்தால் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. வந்தபோது தொடை இடுக்கில் நெறி கட்டியிருந்தது. பெரிய ஆபரேஷன் தேவைப்பட்டது. "முன்னாடியே எங்கிட்ட காட்டியிருக்கக் கூடாதா?" என்று கணவர் அழுதார். முதல் மாதமே வந்திருந்தால் சிறிய அறுவையோடு போயிருக்கும்.

எப்படிப் பார்ப்பது?

மாதம் ஒரு முறை, எண்ணெய்க் குளியல் நாளில், எண்ணெய் வைக்கும் முன் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். "என்னங்க, கொஞ்சம் திரும்பி உட்காருங்க" என்று மனைவி கணவனின் முதுகு, பிடரி, காதின் பின்புறம் பார்க்கட்டும். அதேபோல் கணவன் மனைவிக்குப் பார்க்கட்டும். இடுப்பு, உள்ளங்கால், விரலிடுக்கு, நகம் ஆகியவற்றை விட்டுவிடாதீர்கள். கணவன் மனைவிக்குள் கூச்சம் எதற்கு?

எதைக் கண்டால் போகவேண்டும்?

• ஒரு மாதமாகியும் ஆறாத புண்
• தழும்பில் புதிதாக வந்த புண், ரத்தக் கசிவு, சதை வளர்ச்சி
• பெரிதாகிற, நிறம் மாறுகிற, ஓரம் கோணலான மச்சம்
• அடிபடாமலே நகத்தில் வந்த கறுப்புக் கோடு
• உணர்ச்சியற்ற வெளிர்த் தேமல். இது புற்று அல்ல, தொழுநோயாக இருக்கலாம். இதற்கு 6 அல்லது 12 மாத மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம்.

இவை எல்லாமே புற்று என்று பயப்பட வேண்டாம். எது புற்று, எது அல்ல என்று பிரித்தறிவதுதான் தோல் டாக்டரின் படிப்பு. அவர் புண்ணின் ஓரத்தைத் தொட்டுப் பார்ப்பார். பூதக்கண்ணாடிபோன்ற கருவியால் மச்சத்தை உற்றுப் பார்ப்பார். அக்குளிலும் தொடை இடுக்கிலும் நெறி உண்டா என்று தடவுவார். சந்தேகம் இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்.

"கத்தி பட்டா புத்து பரவிடும்" என்பது வீண் பயம். பரவுவது கத்தியால் அல்ல, காலதாமதத்தால். சுண்ணாம்பு, ஆசிட் வைத்து மச்சத்தை எரிப்பதும் ஆபத்து.

முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். தேவையானால் அங்கிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்புவார்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

பாவாடை நாடாவை அகலமாக, தளர்வாகக் கட்டுங்கள். கட்டும் இடத்தை மாற்றுங்கள். வயலுக்கும் காட்டுக்கும் செருப்போடு போங்கள்.

மாதம் ஒரு நாள் பார்ப்போம்! மறைக்காமல் சொல்வோம்! மருத்துவரை நாடுவோம்!