ஒருக்களித்துத் தூங்கும் மீன்

கேள்வி: கொளத்தூரில் குட்டி மீன் ஒன்று வாங்கினேன். இரண்டு அங்குலம் இருக்கும், மீசை உண்டு. கடைக்காரர் 'லோச்' என்பதோடு நிறுத்திக்கொண்டார். சில சமயம் செத்ததுபோல் ஒருக்களித்துக் கிடக்கிறது. படம் அனுப்பியுள்ளேன். இது என்ன மீன்?

பதில்: பயப்படாதீர்கள், தூங்குகிறது. தொட்டியைத் தட்டி எழுப்பாதீர்கள், பாவம்.

நம் அயிரையின் தூரத்துச் சொந்தம் இது. படத்தில் விலாவை உற்றுப் பாருங்கள். வெள்ளி உடம்பில் கறுப்பாக ஆங்கில 'ஒய்', பக்கத்தில் 'ஓ', மறுபடி 'ஒய்' என்று எழுதியதுபோல் தெரிகிறதா? அதுதான் யோயோ லோச். விலங்கியல் பெயர் போட்டியா அல்மோரே. இமயமலைப் பக்கத்து அல்மோராவின் பெயரால் வந்தது. வங்காள லோச் என்றால் மஞ்சள் உடம்பில் பட்டை பட்டையாக இருக்கும். வரிக்குதிரை லோச்சுக்குக் கோடுகள் மெலிந்து நெருங்கியிருக்கும். குட்டியாக இருக்கும்போதே கேட்டது நல்லதாயிற்று. வளர வளர இந்த எழுத்துகள் உடைந்து வலைப்பின்னலாகிவிடும், அப்புறம் அடையாளம் சொல்வது சிரமம்.

கண்ணுக்குக் கீழே மடக்கி வைத்த முள் ஒன்று உண்டு. மிரண்டால் விரிக்கும், வலையில் சிக்கிக்கொள்ளும். பிடிக்க வேண்டுமானால் டப்பாவில் மொண்டு எடுங்கள்.

தொட்டியில் நத்தைத் தொல்லை இருந்தால் இனி இருக்காது. ஆனால் ஆறு அங்குலம்வரை வளரும், கூட்டமாக வாழும் மீன் இது. நாலடித் தொட்டி வைக்க இடமிருந்தால் இன்னும் நாலைந்து வாங்கி விடுங்கள்; இல்லையென்றால் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.