சிங்கப்பூர்த் தீவு: நிலமும் மக்களும் ஆட்சியும் வர்த்தகமும்



நமது கடைத்தெருவில் சிங்கப்பூரைப் பற்றிப் பேச்சு எழாத நாள் இல்லை. ஒருவருடைய மகன் அங்கே வேலைக்குப் புறப்படுகிறார். இன்னொருவர் அங்கிருந்து சரக்கு வரவழைக்கிறார். மற்றொருவரோ, "தீர்வையில்லாத் துறைமுகம் என்ற உரிமை நம் பினாங்கை விட்டுப் போகாதிருந்தால் நாமும் அப்படி ஆகியிருப்போம்" என்று பெருமூச்சு விடுகிறார். அந்தப் பெருமூச்சில் எவ்வளவு நியாயம் இருக்கிறது என்று அறிய வேண்டுமானால், முதலில் அந்தத் தீவை ஒழுங்காகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகையால் இம்முறை அதையே நம் பாடமாக எடுத்துக்கொண்டோம்.

பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 137 கிலோமீட்டரில், ஜொகூருக்குத் தெற்கே கிடக்கிறது சிங்கப்பூர். 1965இல் தனிநாடானபோது அதன் பரப்பு சுமார் 580 சதுர கிலோமீட்டர். கடலைத் தூர்த்துத் தூர்த்து இப்போது 730க்கு மேல் ஆக்கியிருக்கிறார்கள். பினாங்குத் தீவைப் போல இரண்டரை மடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். மிக உயர்ந்த இடமாகிய புக்கிட் தீமா 164 மீட்டர்தான். நமது கொடிமலையில் ஐந்தில் ஒரு பங்கு. சுரங்கம் இல்லை, எண்ணெய்க் கிணறு இல்லை, சொல்லத்தக்க வயல் இல்லை. உண்ணும் உணவில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது.

தண்ணீர் விஷயத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மழைக்கு அங்கே குறைவில்லை. பெய்த மழையைத் தேக்கி வைக்கத்தான் இடமில்லை. ஜொகூருடன் 1961இலும் 1962இலும் இரு ஒப்பந்தங்கள் செய்தார்கள். முந்தியது 2011இல் முடிந்தது. பிந்தியதன்படி ஜொகூர் நதியிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை 2061 வரையில் எடுத்துக்கொள்ளலாம். அதை மட்டும் நம்பி அவர்கள் உட்கார்ந்துவிடவில்லை. கழிவு நீரையே சுத்திகரித்து 2003 முதல் புதுநீராக்கினார்கள். 2005 முதல் கடல் நீரையும் குடிநீராக்குகிறார்கள். கெடாவைத் தொட்டு வரும் மூடா நதியை நம்பியிருக்கும் நாம், இதைக் கவனித்துப் படிக்க வேண்டியவர்கள்.

பின் எதனால் அந்த இடத்துக்கு மதிப்பு? மலாக்கா நீரிணையால். இந்து சமுத்திரத்திலிருந்து சீனக் கடலுக்குப் போகும் கப்பல் பெரும்பாலும் இவ்வழியேதான் போகும். அவ்வழியின் வடவாசல் பினாங்கு, தென்வாசல் சிங்கப்பூர். வடவாசலில்தான் முதலில் கடை திறந்தது: 1786இல் பிரான்சிஸ் லைட் இங்கே இறங்கினார், ராபிள்ஸ் அங்கே இறங்கியது 1819இல். 1826இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றையும் ஓர் ஆட்சியாக இணைத்தபோது தலைநகரம் நம்முடையதுதான். 1832இல் அது சிங்கப்பூருக்கு மாறியது. காரணம் எளிது. தென்வாசலில் நின்றால் சீனம், சயாம், ஜாவா, சுலவேசி எல்லாத் திசையின் சரக்கும் கைக்கு வரும். ஆகவே பினாங்கை அவர்கள் முந்தியது நேற்று நடந்ததல்ல. தீர்வை உரிமை போவதற்கு நூறு வருஷத்துக்கு மேல் முந்திய கதை.

ஜனத்தொகை இப்போது 60 லட்சத்தை எட்டியிருக்கிறது. குடிமக்களும் நிரந்தரவாசிகளுமாகச் சுமார் 42 லட்சம். மற்றவர்கள் வேலைக்கும் படிப்புக்கும் வந்தவர்கள். நிரந்தரமாக வாழ்வோரில் சீனர் நூற்றுக்கு 74 பேர், மலாய்க்காரர் 13 பேருக்குச் சற்று மேல், இந்தியர் 9 பேர். மலாய், சீனம், தமிழ், ஆங்கிலம் நான்கும் ஆட்சிமொழிகள். நாணயத் தாளில் தமிழ் எழுத்து இருக்கிறது. அத்தாளில் உள்ள படம் முதல் ஜனாதிபதி யூசுப் பின் இஸ்ஹாக் அவர்களுடையது. அன்னார் பிறந்தது நமது பேராக்கில். ஆனால் எழுத்து தாளில் இருந்தால் போதுமா? வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2020ஆம் வருஷக் கணக்கில் நூற்றுக்கு 2.5 பேர்தான். பிள்ளைகளை அங்கே வளர்க்கும் நம் உறவினர்கள் இதை நினைவில் வைக்கட்டும்.

நம்மவர் கதை இரு தீவிலும் ஒரே கதை. இங்கே ஒரு சூலியா தெரு, அங்கேயும் ஒரு சூலியா தெரு. இங்கே 1801இல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எழுந்தது. அங்கே 1826இல் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். நாகூர் ஆண்டகையின் நினைவிடம் இரு ஊரிலும் உண்டு. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஏறிய கப்பல் பயணிகள், ஒரு பகுதி இங்கே இறங்க, மறு பகுதி அங்கே போய் இறங்கினர். தஞ்சோங் பகாரில் துறைமுக வேலை செய்த கடையநல்லூர்ச் சகோதரர்கள் 1941இல் சங்கம் வைத்து, 1946இல் உமறுப் புலவர் பெயரால் தமிழ்ப் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். கூலி வேலை செய்த கைகள் பள்ளிக்கூடம் கட்டியதை எண்ணும்போது, கடை வைத்திருக்கும் நமக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

ஆட்சி முறை பாராளுமன்ற முறை. 1959இல் சுயாட்சி, 1963இல் மலேசியாவில் சேர்க்கை, 1965 ஆகஸ்ட் 9இல் பிரிவு. 1959 முதல் இன்றுவரை மக்கள் செயல் கட்சியே ஆள்கிறது. திரு. லீ குவான் யூ 1990 வரை பிரதம மந்திரியாக இருந்தார். 2024 முதல் திரு. லாரன்ஸ் வோங். 2023இல் ஜனாதிபதியாக மக்கள் தேர்ந்தெடுத்த திரு. தர்மன் சண்முகரத்தினம் தமிழ் வம்சத்தவர். முஸ்லிம்களுக்கென 1966இல் சட்டம் இயற்றி, 1968இல் மூயிஸ் என்னும் இஸ்லாமிய சமய மன்றத்தை அமைத்தார்கள். ஜகாத், வக்ஃபு, ஹஜ்ஜு, பள்ளிவாசல் யாவும் அதன் பார்வையில். 1975 முதல் முஸ்லிம் தொழிலாளர் சம்பளத்தில் மாதந்தோறும் ஒரு சிறு தொகை பிடித்துப் புதிய பள்ளிவாசல்கள் கட்டுகிறார்கள். லஞ்சத்தில் கண்டிப்பு: 2024இல் முன்னாள் மந்திரி ஒருவரே சிறை சென்றார். மறுபக்கமும் உண்டு. பத்திரிகைகளுக்குக் கட்டுப்பாடு அதிகம். 1966இன் நிலம் எடுக்கும் சட்டத்தால் கம்பங்கள் மறைந்தன. மார்க்கெட் தெருவின் பழைய கிட்டங்கிகளும் போய் மாடிக் கட்டடங்கள் வந்தன. ஐவரில் ஏறத்தாழ நால்வர் வீடமைப்புக் கழக அடுக்குமாடியில் இருக்கிறார்கள். வாங்கிய வீடென்றாலும் 99 வருஷக் குத்தகை. வாடகைக் கட்டுப்பாடு 2000இல் நீங்கியபோது பழங்கடைகளை இழந்த பினாங்குக்காரர்கள், அங்கே மட்டும் பழைய கடைத்தெரு பிழைத்தது என்று எண்ண வேண்டாம்.

இனி அந்தப் பெருமூச்சுக்கு வருவோம். மலேசியாவில் சுங்கவரி மத்திய சர்க்காரின் அதிகாரம். பெருநிலத்தின் தொழிலைக் காக்க வரி வேண்டும் என்றபோது ஒரு தீவுக்கு மட்டும் விலக்கு நிலைக்கவில்லை; 1969இல் நமது உரிமை போயிற்று. சிங்கப்பூர் தனிநாடாகிவிட்டதால் தன் வாசலைத் தானே திறந்து வைத்தது. இன்றும் அங்கே மது, புகையிலை, பெட்ரோல், மோட்டார் வாகனம் தவிர மற்றவற்றுக்கு இறக்குமதித் தீர்வை இல்லை என்றே சொல்லலாம். இவ்வளவும் மெய். ஆனால் திறந்த வாசல் மட்டும் அவர்களைக் காப்பாற்றவில்லை. 1963 முதல் 1966 வரை இந்தோனேசியத் தகராறில் இரு துறைமுகமும் அடிபட்டன. 1968இல் பிரிட்டிஷார் தங்கள் படைத்தளத்தைக் காலி செய்வதாக அறிவித்தார்கள். ஆயிரக்கணக்கானோர் பிழைப்பு அதில் இருந்தது. அதற்கு முன்பே, மலாக்காவில் பிறந்த நிதி மந்திரி டாக்டர் கோ கெங் சுவீ, 1961இல் பொருளாதார வளர்ச்சிக் கழகத்தை அமைத்து ஜூரோங் சதுப்பு நிலத்தில் தொழிற்பேட்டை போட்டிருந்தார். 1972இல் தஞ்சோங் பகாரில் முதல் கண்டெய்னர் கப்பல் வந்து நின்றது. 2024இல் அந்தத் துறைமுகம் கையாண்ட பெட்டிகள் 4 கோடிக்கு மேல். ஷாங்காய்க்கு அடுத்த இடம். எண்ணெய்க் கிணறில்லாத ஊர், எண்ணெய் சுத்திகரித்து உலகக் கப்பல்களுக்கு ஊற்றுகிறது. அதே 1972இல் பாயான் லெப்பாஸில் நமக்கும் தொழில் வலயம் வந்தது. அதில் கடைக்காரர்களாகிய நம்மவர் எத்தனை பேர் புகுந்தார்கள் என்பதை அவரவர் குடும்பத்தில் எண்ணிக்கொள்ளலாம்.

இரு ஊர்க் காசும் 1973 மே வரை ஒன்றுக்கொன்று சமமாக மாறின. 2024இல் அவர்களுடைய ஒரு வெள்ளிக்கு நாம் மூன்று ரிங்கிட்டுக்கு மேல் எண்ணி வைத்தோம்.

அங்கே கிளை வைக்க நினைப்பவர்களுக்கு இரண்டு செய்திகள். கம்பெனி பதிவு செய்ய, அங்கேயே வசிக்கும் இயக்குநர் ஒருவராவது இருக்க வேண்டும். உறவினர் என்பதற்காக மட்டும் பெயர் போட்டுவிடாமல், கணக்குத் தெரிந்தவராகப் பார்க்க வேண்டும். தீர்வை இல்லை என்றாலும் பொருள் சேவை வரி உண்டு. 1994இல் நூற்றுக்கு 3ஆகத் தொடங்கி 2024 முதல் 9 ஆகியிருக்கிறது. வருஷ விற்பனை பத்து லட்சம் வெள்ளியைத் தாண்டினால் அதற்குப் பதிவு செய்துகொள்வது கட்டாயம்.