முதலில் சுடுவது யார்?

நள்ளிரவு. வீட்டின் கீழ்த்தளத்தில் ஏதோ சத்தம் கேட்கிறது. வீட்டுக்காரர் துப்பாக்கியுடன் படியிறங்கி வருகிறார். எதிரே ஒரு திருடன். அவன் கையிலும் துப்பாக்கி! அவன் ஓடிவிட்டால் போதும் என்று நினைக்கிறார் வீட்டுக்காரர். தப்பித்தால் போதும் என்று நினைக்கிறான் திருடன். சுடும் எண்ணம் இருவருக்குமே இல்லை. ஆனால், ‘அவன் முந்திக்கொண்டால்?’ என்ற அச்சம் எழுகிறது. ‘நான் அஞ்சுவது அவனுக்கும் தெரியுமே! அதனாலேயே அவன் முந்துவானே!’ என்று அந்த அச்சம் வளர்கிறது. யாரும் விரும்பாத துப்பாக்கிச்சூடு இப்படித்தான் நிகழ்கிறது.

1960ஆம் ஆண்டு வெளிவந்த தமது நூலில் இந்த எடுத்துக்காட்டைத் தந்தவர் அமெரிக்கப் பேராசிரியர் தாமஸ் ஷெல்லிங். அவர் படைவீரர் அல்லர், பொருளியல் அறிஞர். இரண்டாம் உலகப் போருக்குப்பின் ஐரோப்பாவைச் சீரமைத்த மார்ஷல் திட்டத்தில் பணியாற்றிய அவர், பின்னர் யேல், ஹார்வர்ட் பல்கலைக்கழகங்களில் கற்பித்தார். சந்தையில் நடக்கும் பேரத்தை ஆராய்ந்தவருக்குப் போரும் ஒருவகைப் பேரமாகவே தோன்றியது.

அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் அணுவாயுதங்களைக் குவித்துவந்த காலம் அது. 1962ஆம் ஆண்டு கியூபா நெருக்கடியின்போது, ஒரு தலைவரின் செய்தி மற்றவரை அடையப் பல மணி நேரம் ஆனது. அச்சம் வளர அவ்வளவு நேரம் தேவையா என்ன? இரு தலைநகரங்களுக்கும் நேரடித் தொடர்பு வேண்டும் என்று வலியுறுத்தியவர்களுள் ஷெல்லிங்கும் ஒருவர். 1963இல் அது அமைந்தது. திரைப்படங்களில் காட்டப்படும் சிவப்புத் தொலைபேசி அன்று அது. எழுத்துச் செய்திகளை அனுப்பும் தொலைஅச்சு இயந்திரம்.

ஷெல்லிங் பல ஆண்டுகள் அரசாங்கத்திற்கு ஆலோசனை கூறிவந்தார். 1970இல் அமெரிக்கப் படைகள் கம்போடியாவுக்குள் நுழைந்தன. உடனே அவர் ஹார்வர்ட் பேராசிரியர்கள் சிலருடன் வாஷிங்டன் சென்று, அதிபரின் பாதுகாப்பு ஆலோசகர் ஹென்றி கிஸ்ஸிங்கரைச் சந்தித்தார். கிஸ்ஸிங்கரும் முன்பு ஹார்வர்டில் அவர்களோடு பணிபுரிந்தவர்தாம். இனித் தங்கள் ஆலோசனை கிடைக்காது என்று அவர்கள் நேருக்கு நேர் கூறினர். முகமறியாத ஒருவரிடம் இதைச் சொல்வது எளிது. பழகியவரிடம் சொல்வது அப்படியன்று.

2005ஆம் ஆண்டு, தமது 84ஆம் வயதில், ராபர்ட் ஔமனுடன் இணைந்து ஷெல்லிங் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்றார். பரிசு பெற்றவர்கள் உரையாற்றுவது வழக்கம். அவர் தம் கண்டுபிடிப்புகளைப் பற்றிப் பேசவில்லை. 1945க்குப்பின் அறுபது ஆண்டுகளாக எந்தப் போரிலும் அணுகுண்டு வீசப்படவில்லை என்ற வியப்பைப் பற்றியே பேசினார்.