வெறுவயிற்றில் கல்வி ஏறுமா?

விரிவுரையில் தூங்கி விழும் மாணவனைச் சோம்பேறி என்று எளிதில் தீர்ப்பிடுகிறோம். காலையில் அவன் என்ன உண்டான் என்று கேட்பவர் சிலரே.

நமது மூளை உடல் நிறையில் ஏறத்தாழ 2 சதவீதமே. ஆயினும் நாம் ஓய்ந்திருக்கும்போதுகூட, உடல் செலவிடும் சக்தியில் சுமார் 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. அப்படியிருக்க, வெறுவயிற்றோடு வகுப்பில் அமர்பவனின் கவனம் சிதறுவதில் வியப்பென்ன?

இரத்தம் ஒட்சிசனைச் சுமந்து செல்ல இரும்புச்சத்து தேவை. அது குறைந்தால் சோர்வும் தலைச்சுற்றும் வரும். படிப்பில் மனம் ஒன்றாது. மாதவிடாயினால் இரத்தம் இழக்கும் மாணவியரையே இக்குறை அதிகம் வாட்டுகிறது.

அறை எடுத்துத் தங்கிப் படிப்போரில் பலருக்குப் பாணும் வெறுந்தேநீருமே காலை உணவு. உணவோடு பருகும் தேநீர், தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்பை உடல் உறிஞ்சவிடாது தடுக்கிறது. தேசிக்காயில் உள்ள விற்றமின் சி-யோ அதற்குத் துணைபுரிகிறது.

ஆகவே மாணவர்களே, உணவு முடிந்து ஒரு மணி நேரத்தின் பின் தேநீர் அருந்துங்கள். காலையில் அவித்த பயறோ கௌபியோ உண்ணுங்கள். கீரைக்குத் தேசிக்காய்ப் புளி விடுங்கள். சோர்வு நீடித்தால் வைத்தியரை நாடி இரத்தத்தைப் பரிசோதியுங்கள்.

சிலர் காலை உணவை விடுவது பழக்கத்தால் அல்ல, வறுமையால். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எத்தனையோ குடும்பங்கள் உணவு வேளைகளைக் குறைத்துக்கொண்டன. உங்கள் அயலில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு ஒரு கிண்ணம் பயறு கொடுப்பதும் கல்விப் பணியே. பெற்றோரே, புள்ளிகளைக் கேட்குமுன், "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள்.