பெலவீனத்தில் பிறந்த பாடல்

“டாக்டர், முன்போல ஜெபிக்க முடியவில்லை, பாட வாய் திறந்தால் அழுகைதான் வருகிறது” என்று நோயாளிகள் சிலர் குற்றவுணர்வோடு கூறுவதுண்டு. அவர்களுக்கு நான் ஷார்லட் எலியட் அம்மையாரைப் பற்றிச் சொல்வேன்.

1789இல் இங்கிலாந்தில் பிறந்த அவர், முப்பது வயதைக் கடந்தபின் நோயுற்று, எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதியைப் பெலவீனத்திலேயே கழித்தார். பிரைட்டன் நகரில் போதகர்களின் மகள்களுக்கென ஒரு பள்ளியை நிறுவ அவருடைய சகோதரர் முயன்றார். அதற்கு நிதி திரட்டும் விற்பனைக்காக வீட்டார் அனைவரும் ஓடியாடி உழைத்தனர். ஷார்லட் மட்டும் படுத்திருந்தார். ‘நான் எவருக்கும் பயனற்றவள்’ என்னும் எண்ணம் முந்தின இரவு முழுவதும் அவரை வாட்டியது என்பது குடும்பத்தார் வழிவந்த செய்தி. மறுநாள் தனிமையில் எழுதுகோலை எடுத்தார். குறைகளோடும் ஐயங்களோடும், உள்ளபடியே ஆண்டவரிடம் வருவதாக அறிக்கையிடும் பாடல் பிறந்தது. தமிழ்ச் சபைகளும் அதைப் பாடுகின்றன.

குணமானபின் ஏறெடுத்த நன்றிப்பாடலன்று அது. 82 வயதில், 1871இல் மறையும்வரை அவர் முழுநலம் பெறவில்லை. சங்கீதம் 88ஐயும் வாசித்துப் பாருங்கள். இருளைக் குறித்த சொல்லோடே அது முடிகிறது. ஆயினும் துதிகளின் புத்தகத்தில் அதற்கும் இடமுண்டு.

மூச்சுத்திணறல் உள்ளவர்கள் உரக்கப் பாட முயல வேண்டாம் (மருத்துவராக இதைச் சொல்லியாக வேண்டும்). உடனிருப்பவர் மெல்லப் பாட, கேட்டிருந்தாலே போதும். பராமரிப்போரே, பாடலின் நடுவே அவர் அழுதால் தடுக்காதீர்கள். கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த சரணத்தை நீங்கள் பாடுங்கள்.